ஜெபத்துக்குப் பின் மாத்திரை

மரியே வாழ்க

பிளாக் 21, நெய்வேலி
9 ஜனவரி 2024

தங்கை லிடியாவுக்கு அக்கா எவாஞ்சலின் ஆசீரோடு எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுதவேண்டும். கோயம்புத்தூர் பனிக்கு உனக்கு மூக்கு அடைக்குமே, ஆவி பிடிக்கிறாயா?

இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று நாம் போட்ட சத்தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பட்டம்மாளுக்குக் கேட்டிருக்கிறது. "என்னா எவா, தங்கச்சி வரலன்னா வூட்டையே இடிச்சிடுவ போலகீதே" என்று சிரிக்கிறாள். காகிதம் என்றால் எழுதி முடிப்பதற்குள் கோபம் பாதியாவது ஆறும்.

நீ பண்டிகைக்கு வராததற்குக் காரணம் உன் ஆராய்ச்சிக்கூடத்து எலி. ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் அவற்றுக்கு மருந்து ஊட்டவேண்டும் என்றாய். ஞானஸ்நானத்தில் என் மகள் ரெஜினாவைக் கையில் ஏந்திய ஞானத்தாய் நீ. அந்தப் பிள்ளை புதுச்சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கே போகலாம் என்று அடம் பிடித்தது. எலி கொடுத்து வைத்தது.

நேற்று திங்கட்கிழமை அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. பள்ளியில், பதினொன்றே முக்கால் மணிக்கு. ஒன்றரை நிமிஷம். முதலில் இடது கை இழுத்தது, பிறகு கண் சொருகியது. நாலு வயதில் தொடங்கியது, இப்போது அவளுக்குப் பத்து. ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், காய்ச்சல் உண்டா, எல்லாம். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. குடும்ப ஜெபம் முடிந்து, அவள் அப்பா தலையில் கை வைத்து, தன் கையால் வாயில் போடுவார். அவர் கை படாமல் ஒரு மாத்திரைகூட அவள் தொண்டையில் இறங்கியதில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் புதிதாகச் செய்திருக்கிற வலிப்பு மருந்தில் ரெஜினாவுக்குக் கொஞ்சம் அனுப்பு. எலிக்குக் கொடுக்கிறதை நம் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கோயம்புத்தூர்
22 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆவி பிடிக்கிறேன். மாமாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? ரெஜினாவுக்கு என் முத்தம்.

மருந்து அனுப்ப முடியாது அக்கா. கோபப்படாமல் படி. அதற்கு இன்னும் பெயரே இல்லை, எண்தான். அது யாரைக் காப்பாற்றும், யாரைக் கொல்லும் என்று எங்களுக்கே தெரியாது. முதலில் சுண்டெலிகளுக்கு அதை ஊட்டுகிறோம். அரை மணி கழித்து காதில் சின்னக் கிளிப் மாட்டி ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் கொடுக்கிறோம். எலிக்கு வலிப்பு வரும், பின்னங்கால் விறைத்து நீளும். எத்தனை நொடி என்று எண்ணுவது என் வேலை. இரண்டாவது சோதனைக்கு ஐந்து வாரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறு அளவில் ஊசி போட்டு மூளைக்கு வலிப்பைப் பழக்கி, நம் மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்ப்போம். எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் தண்ணீர் என்று எனக்கே தெரியாது. அந்தக் குறிப்பு சிலம்பரசன் என்கிற உடன் வேலை செய்பவரிடம் உறையில் ஒட்டிக் கிடக்கிறது. தெரிந்தால் நம் ஆசை கண்ணை மறைத்துவிடும்.

நான் எண்ணுகிற நேரத்தில் கதவுக்கு வெளியே யாராவது செருப்பைத் தேய்த்தாலே எரிச்சல் வருகிறது. நீ ஆறு வருஷம் வீட்டு வேலைக்கு நடுவே எண்ணியிருக்கிறாய். அந்த நோட்டைப் படம் பிடித்தாவது அனுப்புவாயா? அதில் ஏதாவது கண்ணில் படலாம்.

லிடியா


மரியே வாழ்க

நெய்வேலி
7 பிப்ரவரி 2024

லிடியாவுக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். மாமாவுக்கு முதுகில் பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு மைன்ஸுக்குள் இறங்க வெட்கப்படுகிறார்.

நோட்டு கேட்டிருக்கிறாய். தர மனசில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டு தவக்காலத்துக்குள் நுழையக்கூடாது.

போன வாரம் பள்ளியில் 'நான் வியக்கும் ஒருவர்' என்று கட்டுரை. ரெஜினா உன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள், வெள்ளைக் கோட்டு படத்தோடு, எலி படத்தோடு. டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லி, "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் பண்ணல மிஸ். வூட்லதான் இருக்காங்க." அதை என்னிடமே வந்து சிரித்துக்கொண்டு சொல்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்தில் பத்தாவதில் நானூற்று அறுபத்திரண்டு வாங்கியவள் நான். அம்மா செத்ததும் உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பள்ளியை விட்டேன். உன் ஹாஸ்டல் பாரத்தில் கார்டியன் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. அதற்குப் பிறகு நான் கற்ற இங்கிலீஷ் எல்லாம் மாத்திரை அட்டையிலும் டாக்டர் சீட்டிலும்தான்.

இந்த நோட்டு ஒன்றுதான் நான் எழுதியது. அதுவும் உன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்குள் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

கேட்டதற்காக ஜனவரி மாதத்தை மட்டும் கையால் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எலிகளைக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்று ரெஜினா கேட்கிறாள். எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். வெயில் தொடங்கிவிட்டது, நீ தவசில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்காதே.

கட்டுரையைப் பற்றி நான் எது எழுதினாலும் தப்பாகும். அதனால் எழுதவில்லை.

ஜனவரிப் பக்கத்தை எட்டு முறை படித்தேன். வலிப்பு வந்த நாட்கள் 8, 15, 16, 29. மூன்று திங்கள், ஒரு செவ்வாய். ஓரத்தில் 'மு', 'இ', 'ரா' என்று ஏதோ சின்ன எழுத்து இருக்கிறதே, அது என்ன? மாத்திரைக்கு எதிரே தினமும் இரண்டு டிக், 'ஜெபத்துக்குப் பின்' என்று. ஜெபம் எத்தனை மணிக்கு அக்கா? நேரம் மட்டும் எங்கேயும் இல்லை. மாமா கையால்தான் மாத்திரை என்று எழுதியிருந்தாய். அவர் நைட் ஷிப்ட் போகிற வாரத்தில் எப்படி?

இந்த மாத்திரை ரத்தத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதனால்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

முதல் சோதனையில் நம் எண்ணுக்கு நல்ல பலன். ஐந்து வாரச் சோதனை ஏப்ரலில் தொடங்குகிறது.

லிடியா


மரியே வாழ்க

நெய்வேலி
4 மார்ச் 2024

லிடியாவுக்கு அக்கா எழுதுவது. சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதோ வேலை.

கோயிலுக்குப் போவதை நீ விட்டு எத்தனை வருஷம்? இப்போது என் வீட்டு ஜெபத்துக்கு மணி கேட்கிறாய். கேள், சொல்கிறேன். காலை ஏழு, மாலை ஏழு. உன் எலிக்கு ஒன்பது என்றால் என் பிள்ளைக்கு ஏழு. தினமும் ஒரே நேரம், அதனால் நோட்டில் எழுதுவதில்லை. மாமா வேலைக்குப் போயிருந்தால் நானே கொடுத்துவிடுவேன். ஓரத்து எழுத்து அவருடைய ஷிப்ட். முதல், இரண்டு, ராத்திரி. அது சோறு எப்போது வடிக்கவேண்டும் என்பதற்கு, வைத்தியத்துக்கு இல்லை.

எலியைப் பற்றி ரெஜினா கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா


கோயம்புத்தூர்
21 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. உன் கடிதம் கிடைத்தது.

ஏழும் ஏழும் என்றால் நேரத்தில் குறையில்லை. அப்படியென்றால் இந்த அளவு அவளுக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். டாக்டரிடம் அதையே சொல், அளவைக் கூட்டலாமா என்று கேள். நீ நேரம் தவறாமல் கொடுப்பதையும் மறக்காமல் சொல், அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.

மே மாதம் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறேன் என்று ரெஜினா மாமாவின் போனிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். வெள்ளை கவுன் நான் வாங்கி அனுப்புகிறேன். தைக்கக் கொடுத்துவிடாதே.

மாமா முதுகுக்கு பெல்ட் போடுகிறாரா?

லிடியா


மரியே வாழ்க

நெய்வேலி
7 மே 2024

லிடியாவுக்கு அக்கா எழுதுவது.

மாமா சுகம். ரெஜினா இப்போது சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

பாஸ்கா பண்டிகை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, நான் எழுதவில்லை. டாக்டர் மார்ச் கடைசியில் அளவைக் கூட்டினார். பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தாள். கை நடுங்கி, வரைந்த எலிக்கு வால் நேராக வரவில்லை என்று அழுதாள். வலிப்பு மட்டும் குறையவில்லை.

ஏப்ரல் 29, திங்கட்கிழமை மாலை, கோயிலில் புதுநன்மைக்கு ஒத்திகை. வரிசையில் மூன்றாவதாக நின்றவள் மெழுகுவர்த்தியோடு விழுந்தாள். பன்னிரண்டு நிமிஷம். நான் எண்ணினேன். ஆறாவது நிமிஷத்துக்கு மேல் உதடு நீலமானது. உபதேசியார் லூசியம்மாள், பிள்ளையின் கையில் சாவியைத் திணித்து இரும்பு பிடிக்கச் சொன்னார். மாமா வீட்டில் நைட் ஷிப்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். பனியனோடு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை நடந்தது. நீ அனுப்பிய கவுன் சரியாக இருந்தது. எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். "ஞானத்தாய் எங்க?" என்று சாமியார்கூடக் கேட்டார். "எலிகிட்ட இருக்காங்க ஃபாதர்" என்று ரெஜினா சொல்ல, கோயிலே சிரித்தது.

பிள்ளையோடு தாயும் நன்மை வாங்குவது வழக்கம். நான் எழுந்து போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

அக்கா


கோயம்புத்தூர்
20 மே 2024

என் அக்காவுக்கு,

பன்னிரண்டு நிமிஷம் என்ற வரியைத் தாண்டி அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. ரெஜினா சாப்பிடுகிறாளா? நீ தூங்குகிறாயா? முழங்காலை டாக்டரிடம் காட்டு.

நான் வந்திருக்கவேண்டும். வராமல் இருந்து நான் காப்பாற்றியது எதை என்று கேள். வெள்ளிக்கிழமை சிலம்பரசன் உறையைப் பிரித்தார். ஐந்து வாரச் சோதனையில் எங்கள் மருந்து கொடுத்த எலிகளும் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளும் ஒன்றுபோலவே வலித்து விழுந்திருக்கின்றன. போதாததற்கு, அதிக அளவு கொடுத்தவை சுழலும் தடியில் நிற்க முடியாமல் சறுக்கின. நாலு வருஷ வேலை. ஆராய்ச்சிக்கு கைடாக இருக்கிற பேராசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதாக ஒரு கூட்டத்துக்குப் பழைய மருந்து கொடுத்திருந்தோம். ரெஜினா சாப்பிடுகிற அதே மருந்துதான். அந்தப் பத்து எலிகளில் எட்டுக்கு வலிப்பு முற்றவே இல்லை. காலை ஒன்பது, இரவு ஒன்பது, ஒரு நாள் தவறவில்லை. அந்த மருந்து எலியில் அப்படிக் கேட்கிறதே, நம் பிள்ளைக்கு ஏன் கேட்கவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரெஜினாவின் கேள்விக்குப் பதில். சோதனை முடிந்தால் எல்லாவற்றையும் மயக்கத்திலேயே கொன்று மூளையை எடுத்துப் பார்ப்போம். இன்று கூண்டுகளைக் கழுவினேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

லிடியா


மரியே வாழ்க

நெய்வேலி
14 ஜூன் 2024

லிடியாவுக்கு அக்கா எழுதுவது. மூன்று பேரும் சுகம். நீ ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடு.

உன் மருந்து தோற்றது என்று படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். ஆனால் வந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு டீதானா என்று சிரிக்கக்கூடச் செய்தேன். அடுத்த பத்தியில் ரெஜினாவின் மாத்திரையைப் படித்தேன்.

ஏழு ஏழு என்று எழுதினேனே, அது பொய். உனக்கு மட்டும் ஒன்பது ஒன்பது இருக்கலாமா என்று எழுதிய பொய்.

மாமா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு ஜெபம், திரும்பியதும் ஒரு ஜெபம். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். முதல் ஷிப்ட் என்றால் விடியற்காலை ஐந்தேகால், பிறகு ரெஜினா பள்ளி விட்டு வந்ததும் நாலு மணி. இரண்டாவது ஷிப்ட் என்றால் அவள் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது ஒன்று, இரவு பத்தே முக்காலுக்கு எழுப்பி ஒன்று. நைட் ஷிப்ட் என்றால் இரவு ஒன்பதேகால், மறுநாள் காலை ஆறே முக்கால்; இரண்டையும் ஒரே நாள் கணக்கில் டிக் போட்டேன். லீவு நாளான ஞாயிற்றில் மட்டும்தான் ஏழும் ஏழும். நாளைக்கு இரண்டு என்றார் டாக்டர்; நாளைக்கு இரண்டு கொடுத்தேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கொடுத்த பிறகு நைட் ஷிப்ட் தொடங்கும் திங்களில் அடுத்தது இரவு ஒன்பதேகால். இருபத்தாறு மணி நேரம் பிள்ளை வெறும் உடம்போடு இருந்திருக்கிறாள். இரண்டாவது ஷிப்ட் தொடங்கும் திங்களில் மதியம் வரை பதினெட்டு மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஆறு வருஷம்.

இது ஆஸ்பத்திரியில் தெரிந்தது என்று நினைக்காதே. நீ பிப்ரவரியில் மணி கேட்ட அன்றைக்கே நோட்டைத் திறந்து, 'ரா' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தேன். பக்கத்திலேயே வலிப்பு. அடுத்த பக்கம் திருப்பினேன். அங்கேயும். மூடி வைத்துவிட்டேன். நீ ஒரு மாதப் பக்கத்தில் பார்த்ததை நான் ஆறு வருஷத்தில் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே. அப்புறம் நோட்டும் உன்னுடையது, பிள்ளையும் உன்னுடையவள். ஜெபத்தில் கை வைக்கிறாள் என்று உன் மேல் பழி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பாஸ்காவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பொறாமை என்று மட்டும் சொன்னேன். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை.

நான் அந்தப் பொய்யை எழுதிய பிறகு வந்தவை: மார்ச் 11, 18, 19. ஏப்ரல் 1, 8, 22, 29. ஏழு. அந்த ஏழு வலிப்பும் ரெஜினாவுடையவை அல்ல, என்னுடையவை.

ஆஸ்பத்திரியிலேயே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அளவைப் பழையபடி குறைத்துவிட்டார். சாமியாரிடமும் சொன்னேன். அவர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே மாத்திர மணியாட்டம் வுழணும். நான் வரச்ச ஜெபம் பண்ணிக்கலாம், சாமி ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார். மே ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஏழு, மாலை ஏழு, அலாரம் வைத்துக் கொடுக்கிறேன். இப்போதுதான் உனக்கு எழுதியது உண்மையாகியிருக்கிறது. இரண்டாவது ஷிப்டும் நைட் ஷிப்டும் தொடங்கிய நாலு திங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. நாலு திங்களை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது என்பாய். எனக்கும் தெரியும்.

ஆறு நோட்டையும் பார்சலில் அனுப்புகிறேன். ஓரத்து எழுத்துகளைப் பார்த்து ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் நேரம் எழுதியிருக்கிறேன். உன் புத்தகத்தில் போட்டுக்கொள். என் பெயர் வேண்டாம்.

எலிகளைப் பற்றி ரெஜினாவிடம் சொன்னேன். ஒரு ஜெபமாலை முழுக்க அவற்றுக்காகச் சொன்னாள்.

அக்கா


கோயம்புத்தூர்
22 ஜூன் 2024

அக்கா,

நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. நோட்டுகள் வந்தன. சிவப்பு மை கைகளிலெல்லாம் ஒட்டுகிறது.

நான் இதை எழுதாவிட்டால் நீ எழுதியதற்கு அர்த்தமில்லை. உன் முதல் கடிதத்தில் மாமா கை படாமல் ஒரு மாத்திரை இறங்கியதில்லை என்று இருந்தது. மார்ச்சில் நானே கொடுத்துவிடுவேன் என்று இருந்தது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொய் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய், ரெஜினாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் போகும் என்று பயந்தேன். ஒரு எலியின் எடை அரை கிராம் மாறினால் மறுபடி தராசில் வைப்பவள் நான். பிள்ளையின் டாக்டரிடம் நேரத்தில் குறையில்லை என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

ஆகவே அந்த ஏழையும் நீ ஒருத்தியே வைத்துக்கொள்ள முடியாது. மூன்றரை என்று ஒரு வலிப்பு கிடையாது. நாலை என் பேரில் எழுது, மூன்றை நீ வைத்துக்கொள்.

ஜூலை 6 சனிக்கிழமை காலை வருகிறேன். இப்போது ஊட்டவேண்டிய எலி ஒன்றும் இல்லை.

லிடியா


மரியே வாழ்க

நெய்வேலி
28 ஜூன் 2024

லிடியாவுக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் சுகம். திங்கட்கிழமையும் சுகமாகப் போனது.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு மாமா வருவார். மாலை ஏழு மணி மாத்திரையை நீ கொடு. தலையில் கை வைக்காமல் கொடுத்தால் அவள் விழுங்கமாட்டாள், அதையும் செய். உனக்கு ஜெபம் மறந்திருந்தால் நான் சொல்கிறேன், நீ சும்மா நில்.

மற்றதுக்குப் பதில். மூன்று உன்னுடையது. நாலு எனக்குத்தான். மூத்தவள் நான்.

அக்கா